வாய்க்குள் தையல் இருக்கும் நாட்கள்

நான் கும்பகோணத்தில் 22 வருடமாக ரவிக்கை தைக்கிறேன். போன புரட்டாசியில் எனக்கு வலது பக்கம் கீழே, கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது பல்லுக்கு வேர் மாதிரி எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு, வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வைக்கும்போது வலியே தெரியவில்லை. தடுமாறியதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். அடுத்த வாரம் நாள் குறித்துவிட்டுப் பயந்துகொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள். அவர்தான் உங்கள் வாயைத் திறந்து பார்த்தவர்.

போவதற்கு முன்பே ஃப்ரீசரில் ஐஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தலையணையும் பழைய துண்டும் எடுத்து வையுங்கள். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ எலும்புத் தேய்மானத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

வைத்து முடித்ததும் காஸ் துணியை மடித்துக் கடிக்கச் சொல்வார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்தபடி இருங்கள். ரத்தம் நின்றுவிட்டதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்க்கக்கூடாது. காயத்தின் மேல் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி படியும். எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மூடி துணியோடு பிய்ந்து வந்துவிடும். முதல் 24 மணி நேரத்துக்குச் சொல்வதெல்லாம் இந்த ஒரு மூடியைக் காப்பாற்றத்தான். துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், நாக்கால் தடவிப் பார்க்காதீர்கள். எச்சில் இளஞ்சிவப்பாக ஊறிக்கொண்டே இருக்கும். விழுங்கிவிடலாம். கொஞ்சம் ரத்தம் நிறைய எச்சிலோடு கலந்து அப்படிப் பெரிதாகத் தெரிகிறது. இளநீர் நல்லதுதான், ஆனால் கடையில் ஸ்ட்ரா போட்டுத்தான் நீட்டுவார்கள். வீட்டுக்கு வாங்கி வந்து டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள்.

மரப்பு எனக்கு நான்கு மணி நேரம் இருந்தது. அதுவரை ஒன்றும் மெல்லாதீர்கள், சூடாகவும் குடிக்காதீர்கள். உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. மரப்பு முழுக்க விடுவதற்கு முன்பே, டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை அவர் சொன்னபடி போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போட வேண்டாம். ஆறிய கஞ்சியோ மோரோ கொஞ்சம் குடித்துவிட்டுப் போடுங்கள். வலி ஏறிய பிறகு போட்டால் அது கேட்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

ஐஸை நேராகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றிக் கன்னத்தில் 15 நிமிஷம் வையுங்கள், 15 நிமிஷம் எடுத்துவிடுங்கள். விழித்திருக்கும்வரை இப்படியே. இரவு தலையை உயர்த்திப் படுங்கள், அந்தப் பக்கம் சாய வேண்டாம்.

மறுநாள் காலையில் எழுந்தபோது வலி அதிகமில்லை. தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது. அதனால் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். குனிந்து இரண்டு ரவிக்கைக்குப் பைப்பிங் வைத்து முடிப்பதற்குள் வாயில் இரும்பு ருசி. தொட்டுப் பார்த்தால் புது ரத்தம். குனிந்தால் ரத்தம் தலைப்பக்கம் பாய்ந்து காயத்தை அழுத்தும் என்பது எனக்கு அப்போது தெரியாது. புதுக் காஸ் துணியை ஈரமாக்கி மடித்துக் கடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அரை மணி நேரம் கடிகாரத்தையே பார்த்தேன். நின்றுவிட்டது. நிற்காமல் கொட்டியிருந்தால் ஆட்டோ பிடித்துக் கிளம்பியிருப்பேன். நீங்களும் காத்திருக்காமல் கிளம்புங்கள். இரண்டு மூன்று நாளைக்குக் குனிந்து செய்யும் வேலையும் குடம் தூக்குவதும் வேண்டாம்.

வீக்கம் இரண்டாவது, மூன்றாவது நாளில்தான் உச்சத்துக்கு வரும். ஏதோ கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். சிலருக்குக் கன்னம் நீலம் பாரித்து, மஞ்சளாகிக் கழுத்துவரை இறங்கும். அதுவும் மறைந்துவிடும். 48 மணி நேரம் கழித்து ஐஸ் தேவையில்லை. வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம்.

மறுநாளிலிருந்து சுத்தம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு. வாயில் வைத்துக்கொண்டு தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து தானாக விழவிடுங்கள். குலுக்கிக் கொப்பளிப்பதும் வேகமாகத் துப்புவதும் கூடாது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால், பேஸ்ட் போட்டு விளக்கிய உடனே அதை வாயில் ஊற்றாமல் அரை மணி நேரம் இடைவெளி கொடுங்கள். பேஸ்ட்டின் நுரை அதன் வேலையைக் கெடுக்கும். அந்த மவுத்வாஷைப் பயன்படுத்திய நாட்களில் எனக்கு சாம்பாரில் உப்பு சரியா என்றே தெரியவில்லை, பல்லில் லேசாகப் பழுப்பும் ஏறியது. நிறுத்தியதும் ருசி திரும்பிவிட்டது, கறையைப் பிறகு பல் சுத்தம் செய்தபோது எடுத்தார்கள். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் தொடர வேண்டாம். மற்ற பற்களை மெதுவான பிரஷ்ஷால் வழக்கம்போல விளக்குங்கள், காயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

என் மாமியார் கிராம்புத் தைலத்தோடு வந்தார். அவர் பாசம் எனக்குத் தெரியும். ஆனால் திறந்த காயத்தில் அது எரித்துப் புண்ணாக்கும். மஞ்சள்தூளும் வேண்டாம், தூள் தையலில் அடைந்துகொள்ளும். எண்ணெய் கொப்பளிக்கும் பழக்கம் இருந்தால் தையல் பிரித்து ஈறு ஆறும்வரை நிறுத்தி வையுங்கள். சிகரெட், புகையிலை, வெற்றிலைப்பாக்கு மூன்றையும் கண்டிப்பாக விட வேண்டும். புகை ஈறுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். இம்ப்ளான்ட் எலும்பில் ஒட்டாமல் கழன்று வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சாப்பாட்டில் எல்லோரும் மென்மையானதாகச் சாப்பிடு என்கிறார்கள். பொடியாக இருப்பதும் ஆபத்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் தாளித்த தயிர்சாதம் சாப்பிட்டேன். ஒரு கடுகு தையலுக்கும் ஈறுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. நாக்கு ஓயாமல் அங்கேயே போனது. எதிரே மேஜையில் பெட்டி நிறைய ஊசி. நல்ல வேளை, எடுக்கவில்லை. ஊசி, பின், பல்குத்தும் குச்சி எதையும் அங்கே கொண்டுபோகக்கூடாது. உப்புத் தண்ணீரை வைத்துச் சாய்த்துச் சாய்த்து மூன்றாவது தடவையில் அது தானாக வந்தது. அதிலிருந்து பத்து நாள் தாளிப்பே கிடையாது. குழைந்த சாதத்தில் வடிகட்டிய ரசம், பருப்பு மசித்த சாதம், ஆறிய ராகிக் கூழ், பாலில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம், மென்மையாகப் பொரித்த முட்டை. எள், ரவை, சீரகம், தேங்காய்த்துருவல், காரம் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் மெல்ல முடியவில்லை என்று வேளையைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கொஞ்சமாவது குடியுங்கள்.

ஆறாம் நாள் கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து என் தையலைப் பார்த்தேன். கறுப்பு நூல், நான்கு முடிச்சு. நாங்கள் ஓட்டுவது மாதிரி தொடர்தையல் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போட்டுத் தனியாக முடிந்தது. ஒன்று அவிழ்ந்தாலும் மற்ற மூன்றும் பிடித்துக்கொள்ளும். இழுத்தும் கட்டவில்லை. துணியை அப்படிக் கட்டினால் சுருங்கும். ஈறாக இருந்தால் ரத்தம் போகாமல் வெளுத்துவிடும். நூல் நுனிகள் கன்னத்தில் குத்தத்தான் செய்யும். வெட்டாதீர்கள். எனக்குப் பத்தாம் நாள் பிரித்தார்கள். சில நூல்கள் தானாகக் கரையும், உங்களுடையது எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய சமயங்களும் உண்டு. மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கமோ வலியோ குறையாமல் ஏறிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், சீழ் வடிந்தால், திருகு ஆடுவது போலிருந்தால் கூப்பிடுங்கள். கீழ்த்தாடையில் வைத்தவர்களுக்கு மறுநாளும் உதடோ முகவாயோ மரத்தே இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே நரம்பு ஓடுகிறது. மூச்சு விடவோ விழுங்கவோ சிரமமானால் நேராக மருத்துவமனை.

தையல் பிரித்த பிறகு வலியே இருக்காது. அப்போதுதான் நிறையப் பேர் அசட்டையாகிவிடுகிறார்கள். மேலே ஈறு மூடியிருக்கும், உள்ளே எலும்பு இன்னும் திருகைப் பிடித்திருக்காது. சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1950களில் முயலின் எலும்பில் டைட்டானியம் வைத்து ஆராய்ந்தார். பிறகு கழற்றப் பார்த்தபோது எலும்பு அதை விடவே இல்லை. 1965இல் முதல் மனிதருக்குப் பல்லுக்காக வைத்தார். அந்தப் பிடிப்பு வர, கீழ்த்தாடையில் மூன்று நான்கு மாதம், மேல்தாடையில் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். அதற்குள் திருகு ஆடிவிட்டால் சுற்றிலும் எலும்புக்குப் பதில் வெறும் சதை வளரும். தீபாவளிக்கு நான் நாலு படி முறுக்கு சுட்டேன், ஒன்றுகூட வாயில் போடவில்லை. மறுபக்கமாகவே மென்றேன்.

தை மாதம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அளவு எடுத்து, திருகின் மேல் கேப், அதாவது செயற்கைப் பல், போட்டார்கள். இப்போது இரவு படுக்கும் முன் கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் அதற்கென்றே விற்கும் சின்னப் பிரஷ்ஷை விட்டு எடுக்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில் நூல்கண்டு இருந்தாலும் தையல் நூலை மட்டும் அங்கே நுழைக்க வேண்டாம். அது பிசிறு விடும். பிசிறு ஈறுக்குள் தங்கிவிடும்.