டெக்சஸில் 65 வயதுக்குப் பிறகு வீட்டு வரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. வீட்டு வரிதான் கனமாக விழும். சம்பளம் வரும் காலத்தில் எப்படியோ சமாளித்துவிடலாம். ஓய்வுபெற்று, வீட்டுக் கடனையும் அடைத்து முடித்த பிறகும் வருஷா வருஷம் அந்த பில் வந்துகொண்டேதான் இருக்கும். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்டம் தாராளமாகவே சலுகை வைத்திருக்கிறது. ஹூஸ்டனிலும் டாலஸிலும் வாழும் நம் குடும்பங்கள் பல அதைக் கோட்டை விடுவதுதான் வருத்தமாக இருக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒரு படிவத்தைக் கொடுக்காதது, இல்லாவிட்டால் பத்திரத்தில் யார் பெயர் என்று யோசிக்காதது.

எவ்வளவு பணம் என்று முதலில் பார்த்துவிடலாம். 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு, உரிமையாளரே குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் 1,40,000 டாலருக்குப் பள்ளி வரி (வீட்டு வரியில் உள்ளூர்ப் பள்ளிகளுக்குப் போகும் பங்கு) இல்லை. அவர் 65 வயதானவராகவோ மாற்றுத்திறனாளியாகவோ இருந்தால் இன்னும் 60,000 கழியும், ஆக 2 லட்சம் டாலர். வீட்டின் மதிப்பு 4 லட்சம், நூறு டாலருக்கு ஒரு டாலர் வரி என்று வைத்துக்கொண்டால், 2,600 டாலர் கட்ட வேண்டியவர் 2,000 கட்டினால் போதும். இதைவிடப் பெரிய விஷயம், தகுதி பெறும் வருடத்துப் பள்ளி வரியே உச்சவரம்பாக நின்றுவிடும் என்பது. ‘ஃப்ரீஸ்’ என்று சொல்வது இதைத்தான். அப்புறம் வீட்டு மதிப்பு ஏறினாலும் வரி விகிதம் ஏறினாலும் பள்ளி வரி அந்தத் தொகையைத் தாண்டாது. கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நகரமும் விரும்பினால் இதே மாதிரி உச்சவரம்பு தரலாம், ஆனால் எல்லா ஊரிலும் கிடையாது. உங்கள் ஊரில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இது தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பிறந்த தேதி ஏற்கனவே பதிவில் இருந்தால் சில அலுவலகங்கள் தாங்களே சேர்த்துவிடுவதுண்டு, அதை நம்பி உட்கார முடியாது. உங்கள் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில், அதாவது வீடுகளின் வரி மதிப்பை நிர்ணயிக்கும் அலுவலகத்தில், 50-114 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். கட்டணம் ஒரு காசு கிடையாது. பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறோம் என்று தபாலில் வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். டிசம்பர் கடைசியில் 65 நிறைந்தாலும் அந்த வருடம் முழுவதற்கும் சலுகை உண்டு. படிவம் நிராகரிக்கப்படுவதற்கு ஒரு சாதாரணக் காரணம், டிரைவர் லைசென்ஸில் பழைய முகவரி இருப்பது. லைசென்ஸில் அல்லது மாநில அடையாள அட்டையில் இருக்கும் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். வருடத்தைத் தவறவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். வரி பாக்கியாகும் தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் பின்தேதியிட்டுத் தருவார்கள், கட்டிய அதிகப் பணமும் திரும்பும்.

நம் வீடுகளில் அதிகம் சறுக்குவது பத்திரத்தில்தான். அம்மா அப்பா மகன் வீட்டில் இருக்கிறார்கள், இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, அதனால் சலுகை கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. வயது உரிமையாளருக்கு ஆகியிருக்க வேண்டும், அவர் அங்கே குடியிருக்கவும் வேண்டும். இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் கொடுமையானது. ‘இருக்கும்போதே பிள்ளை பேருக்கு எழுதிடறேன்’ என்று நல்ல மனதோடு வீட்டை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு பெற்றோர் உரிமையாளர் இல்லை. 65 வயதுச் சலுகை போய்விடும், பல வருடங்களாகக் கட்டிக் காத்த ஃப்ரீஸும் போய்விடும். குடியிருப்பு வீட்டின் வரி மதிப்பு வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற பாதுகாப்பும் அறுந்து, அடுத்த பில் சந்தை மதிப்புக்கு வரும். பிள்ளைகளுக்குச் சிக்கலில்லாமல் வீடு போய்ச்சேர வேண்டும் என்பதுதான் எண்ணம் என்றால் வேறு வழி இருக்கிறது. இறப்புக்குப் பிறகு மட்டும் செல்லுபடியாகும் பத்திரத்தை 2015 முதல் டெக்சஸ் சட்டம் அனுமதிக்கிறது. கடைசிவரை வீடு உங்களுடையது, சலுகையும் உங்களுடையது. டிரஸ்டில் வைப்பதானாலும் சரி, ஆனால் சலுகைக்குச் சட்டம் கேட்கும் வாசகங்கள் டிரஸ்ட் ஆவணத்தில் இருக்கின்றனவா என்று வக்கீலிடம் தெளிவாகக் கேளுங்கள்.

கணவர் காலமான பிறகு சலுகையும் போய்விட்டது என்று பேசாமல் கூடுதல் வரியைக் கட்டிவரும் பெண்கள் இருக்கிறார்கள். அவர் 65 வயதுச் சலுகையில் இருந்தவர், அவர் இறந்தபோது மனைவிக்கு 55 வயதாகியிருந்தது, வீடு மனைவிக்கு வந்து அவர் அங்கேயே வசிக்கிறார் என்றால், சலுகையும் உச்சவரம்பும் தொடரும். அதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மனைவி இறந்தால் கணவருக்கும் இதேதான். அந்தத் துக்கத்தில் யாருக்கும் இது தோன்றாது, ஆகவே பிள்ளைகள்தான் எடுத்துச் செய்ய வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வயது வரம்பு இல்லை. ஆனால் காரில் மாட்டும் பார்க்கிங் அட்டை ஆதாரமாகாது. சோஷியல் செக்யூரிட்டி (மத்திய அரசின் ஓய்வூதிய, ஊன உதவித் திட்டம்) சட்டம் ஊனத்துக்கு என்ன வரையறை சொல்கிறதோ அதுதான் இங்கேயும். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் கொடுத்த ஒப்புதல் கடிதம் இருந்தால் வேலை சுலபம். 65 வயதும் ஆகி ஊனமும் இருந்தால் ஒரே வரி அமைப்பிடம் இரண்டு சலுகையையும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃப்ரீஸ் இருக்கிறதே என்று புதிதாக ஓர் அறை கட்டினால், அந்த அறைக்கான வரி கூடும். கூரை மாற்றுவது போன்ற பழுதுபார்ப்புக்குக் கூடாது. டெக்சஸுக்குள் வேறு வீட்டுக்கு மாறுகிறவர்கள் பழைய கவுண்டியில் சான்றிதழ் வாங்கிப் புதிய கவுண்டியில் கொடுத்தால் பழைய வீட்டில் உச்சவரம்பால் பள்ளி வரி எத்தனை சதவீதம் குறைந்ததோ, அதே சதவீதக் குறைப்பு புது வீட்டுக்கும் கூடவே வரும். வாங்காமல் போனால் புது வீட்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கோயம்புத்தூரில் ஆறு மாதம் இருந்துவிட்டு வருவதால் சலுகை போகாது. திரும்பி வரும் எண்ணத்தோடு இரண்டு வருடத்துக்குள் வந்துவிட்டால் போதும், இடையில் வேறு வீட்டை நிரந்தர வீடாக ஆக்கிக்கொள்ளக் கூடாது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தங்கியிருந்தாலும் சலுகை நிற்காது. ஆபத்து தபால்பெட்டியில் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் ஊரில் இல்லாதபோது வந்த கடிதத்துக்குப் பதில் போகாவிட்டால் சலுகையை எடுத்துவிடலாம். தபாலைப் பிரித்துப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் அபராதமில்லாமல் நான்கு தவணையில் கட்டலாம். அதுவும் முடியாது என்றால் வரியையே ஒத்திவைக்கலாம். தள்ளுபடி என்று நினைத்து இதில் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு வருடத்து வரியும் 5 சதவீத வட்டியோடு வீட்டின் மேல் கடனாக ஏறும். நீங்கள் அந்த வீட்டில் இல்லாமல் போனால் 180 நாளுக்குள் மொத்தத்தையும் கட்ட வேண்டும், பெரும்பாலும் அது பிள்ளைகள் தலையில் விழும். எனவே கையெழுத்துப் போடுமுன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் தாங்களாகவே வரியைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கப் பார்க்கலாம்.