ஆட்டின் மூச்சை எண்ணுவது எப்படி? வெயில் காலத்துக்கு ஒரு செய்முறை

செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வியர்வை பெரிதாகக் கைகொடுப்பதில்லை. வறண்ட வெயிலில் உடற்சூட்டைப் பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் வெளியேற்றுகின்றன. ஆகவே வெப்பமானியைத் தேடுமுன் மூச்சை எண்ணுங்கள்.

படி 1: பிற்பகலில், ஆடு நிழலில் சற்று நேரம் ஓய்ந்த பிறகு எண்ணுங்கள். மேய்ந்து வந்த கையோடு எண்ணினால் நடந்த களைப்பும் கணக்கில் சேர்ந்துவிடும்.

படி 2: பக்கவாட்டில் சில அடி தள்ளி நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் உள்ள குழி உப்பி அடங்கும். இரண்டும் சேர்ந்துதான் ஒன்று. உப்புவதைத் தனியாகவும் அடங்குவதைத் தனியாகவும் எண்ணி, நல்ல ஆட்டுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு. கம்பளி மறைத்தால் மூக்குத் துளை விரிவதைப் பாருங்கள். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். செயலியெல்லாம் வேண்டாம், வெயிலில் கைபேசித் திரை தெரியாது, நொடிமுள் உள்ள கடிகாரம் தெரியும்.

படி 3: ஓய்வில் நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இயல்பு. 60 வரை லேசான வெப்ப அழுத்தம். 80ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். செம்மறியில் 200ஐக் கடந்தால் ஆபத்து.

ஆனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. வாயை மூடிக்கொண்டு வேகமாக இரைக்கும் ஆடு இன்னும் சமாளிக்கிறது. சூடு மேலும் ஏறினால் வாய் திறந்து, நாக்கு தொங்கி, மூச்சு ஆழமாகி மெதுவாகும். எண்ணிக்கை இறங்குவதைப் பார்த்து "தேறிவிட்டது" என்று நினைப்பதுதான் பெரிய பொறி. அது முற்றிய நிலை. உடனே நிழலுக்கு மாற்றி, உடலை நனைத்து, காற்றுப்பட விட்டு, கால்நடை மருத்துவரை அழையுங்கள். இரைக்கும் ஆட்டின் வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

படி 4: தண்ணீர்த் தொட்டியை நிழலில் வையுங்கள். பக்கம் அடைத்த தகரக் கொட்டிலைவிட மரத்தடி எவ்வளவோ மேல். தீவனம் வயிற்றில் நொதிக்கும்போதும் சூடு பிறக்கிறது. அதனால் பெரும்பங்கை மாலையில் போடுங்கள்.

பின்சேர்க்கை: கம்பளியை ஒட்ட வெட்டலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். கம்பளி வெயிலையும் தடுக்கிறது; ஒட்ட வெட்டினால் தோல் வெந்துபோகும். கோடைக்கு முன்பே வெட்டி, கொஞ்சம் வளர விடுங்கள்.

இன்னொரு கேள்வி: செம்மறிகள் ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்பது நோயா? இல்லை, தலைக்கு நிழல் தேடுகின்றன. அன்று எண்ண வேண்டாம். பட்டியில் நிழல்வலை கட்டிவிட்டு மறுநாள் எண்ணுங்கள்.