சென்னையில் குடியேறுகிறீர்களா? ஜன்னல், கதவைப் பார்த்து எடுங்கள்

டொராண்டோவிலோ லண்டனிலோ இருந்துவிட்டுச் சென்னைக்குக் குடிவருபவர்கள் கண்ணாடிக் கடையில் முதலில் கேட்பது, ‘டபுள் கிளேசிங் (நடுவே இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி) போடலாமா?’ என்றுதான். அங்கே வீட்டுச் சூடு வெளியே போகக் கூடாது. இங்கே வெயில் உள்ளே வரக் கூடாது. அதனால், உள்ளும் வெளியும் உள்ள சூட்டு வித்தியாசத்தால் கண்ணாடி எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்று சொல்லும் யு மதிப்பைவிட எஸ்.எச்.ஜி.சி. எண்ணை முதலில் கேளுங்கள். கண்ணாடியில் விழும் வெயில் வெப்பத்தில் எவ்வளவு அறைக்குள் வருகிறது என்பதைச் சொல்வது அந்த எண். 6 மி.மீ. சாதாக் கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 0.82. சாதாக் கண்ணாடியையே இரண்டடுக்காகப் போட்டாலும் 0.7 அளவில்தான் நிற்கும். வெயில் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி 0.3 வரை இறங்கும். சாலை இரைச்சல் தொல்லை இல்லாத வீட்டில், பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடிக்குச் செலவழிப்பது வீண்.

கண்ணாடிக்கு முன்பே நிழல். மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேட் போதாது. மாலை வெயில் தாழ்வாக வந்து அதன் அடியில் நுழைந்துவிடும். வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ சுருட்டுத் திரையோ கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரைச்சீலை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தைத்தான் பிடிக்கிறது. வடக்கு ஜன்னலையும் மறக்க வேண்டாம். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது.

ஏ.சி. அறைக் கண்ணாடி காலையில் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் பயப்படாதீர்கள். குளிர்நாட்டில் உள்ளே படியும் ஈரம், இங்கே காற்றின் புழுக்கத்தால் வெளியே படிகிறது, துடைத்தால் போய்விடும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பனித்தால்தான் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதைத் துடைக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஸ்லைடிங் ஜன்னல் இடத்தை அடைக்காது. ஆனால் இரண்டு பலகையில் பாதிதான் திறக்கும். ஓரத்தில் இருப்பது வெறும் பிரஷ் என்பதால் குளிர்ந்த காற்றும் கசியும். கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல் முழுதாகத் திறக்கும், மூடினால் ரப்பரில் அழுந்தி உட்காரும். படுக்கையறைக்கு இதுவே மேல். ஓரமாக ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை வளைகிற இடத்தில்தான் கசிவு.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடற்கரைப் பகுதிகளில் சாதா இரும்புக் கம்பியை உப்புக்காற்று சீக்கிரம் தின்றுவிடும். அங்கே ஜன்னல் சட்டத்துக்கு யு.பி.வி.சி. (கெட்டியான பிளாஸ்டிக்) அல்லது பவுடர் கோட்டிங் அலுமினியம் நல்லது. ஸ்க்ரூ, கீல் எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். யு.பி.வி.சி. வாங்குமுன் குறுக்கே வெட்டிய துண்டைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே துத்தநாகம் பூசிய எஃகுப் பட்டை இல்லையென்றால் பெரிய ஜன்னல் காற்றில் வளையும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜன்னல் வழியே தண்ணீர் வருகிறதென்றால், ஆளைக் கூப்பிடுமுன் ஸ்லைடிங் தடத்தைப் பாருங்கள். அதன் வெளிப்புறத்தில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். தூசியும் சிமெண்டும் அடைத்தால், தடம் நிரம்பி நீர் உள்பக்கமாக வழியும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, வெளியே வடிகிறதா என்று பார்த்தால் போதும்.

மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி நிலையில் இடிக்கும். உடனே தச்சரை அழைத்து இழைக்காதீர்கள். கோடையில் மரம் சுருங்கியதும் இடைவெளி விழுந்து தாழ்ப்பாள் பிடிக்காமல் போகும். பெரும்பாலும் கோளாறு கதவின் மேல், கீழ் விளிம்புகளில்தான். பெயிண்டர்கள் கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள், ஈரம் அங்கேதான் ஏறும். ஜனவரிக்குப் பின் நன்றாக உலர்ந்ததும் கதவைக் கழற்றி, அந்த விளிம்புகளுக்கு இரண்டு கோட்டிங் அடியுங்கள். குளியலறைக்கு மரமே வேண்டாம், பி.வி.சி. அல்லது எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) கதவு போடுங்கள். நிலைக்கால் மரமாக இருந்தால் தரையோரம் கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

எல்லா ஜன்னலிலும் கம்பி போட்ட வீடாக இருந்தால், தீப்பிடித்தால் வெளியேற, உள்ளிருந்து திறக்கும் கம்பிக்கதவு ஒன்றாவது வேண்டும். அதன் சாவியைக் குழந்தைக்கும் எட்டும் ஆணியில், ஜன்னல் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.