டெம்ப்ளேட் கருவிக்கு விளக்கம் எழுதுகிறீர்களா? ஏஜென்ட் தடுக்கி விழும் இடங்களை முதலில் எழுதுங்கள்

வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் ஒரு ஏஐ ஏஜென்ட்டை எம்சிபி (ஏஐக்கு வெளிக் கருவிகளைக் கொடுக்கும் நெறிமுறை) வழியாக இணைத்தவர்களுக்குத் தெரியும், அதற்குக் கொடுக்கும் கருவிகளில் டெம்ப்ளேட்டை, அதாவது வீட்டின் நிலையைக் கேட்டுப் பதில் வாங்கும் சிறு நிரலை, ஓட்டிப் பார்க்கும் கருவிக்கு ஈடு எதுவும் இல்லை. மாடியில் எத்தனை விளக்கு எரிகிறது என்று கேட்டால் வீட்டிலிருக்கும் அத்தனை என்டிட்டியையும் (விளக்கு, சென்சார் போன்ற ஒவ்வொன்றுக்கும் உள்ள பதிவு) அள்ளிக் கொட்ட வேண்டாம், டெம்ப்ளேட் எழுதும் மொழியான ஜின்ஜாவில் ஒரு வரி அனுப்பினால் "3" என்று பதில் வந்துவிடும். ஆனால் அந்தக் கருவிக்கு "டெம்ப்ளேட்டை ரெண்டர் செய்யும்" என்று ஒரே வரியில் விளக்கம் எழுதிவிட்டுப் போனால் வம்புதான். சந்தேகம் வந்தால் நாம் ஹோம் அசிஸ்டன்ட்டின் சோதனைப் பக்கமான டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பத்து முறை மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஏஜென்ட்டின் கையில் இருப்பது நாம் எழுதிய அந்த விளக்கம் மட்டும்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீர்த் தொட்டியின் அளவு 20 சதவீதத்துக்குக் கீழே போனால் மோட்டார் போட வேண்டும். ஏஜென்ட் எழுதிய டெம்ப்ளேட் பார்க்கச் சரியாகத்தான் இருந்தது, ஆனால் தொட்டி நிரம்பி 100 ஆனதும் "ட்ரூ", அதாவது 20க்குக் கீழே போய்விட்டது என்று பதில் சொன்னது! காரணம் எளிது. என்டிட்டியின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்ஸ் ஃபங்ஷன் எதைக் கேட்டாலும் எழுத்தாகத்தான் திருப்பித் தரும், ஏஜென்ட்டும் 20ஐ மேற்கோளுக்குள் போட்டு ஒப்பிட்டிருந்தது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் 1 என்பது 2ஐவிடச் சிறியது, அதனால் 100 என்பது 20க்குக் கீழே. தொட்டி வற்றி 9 ஆனாலோ நேர் எதிர், மோட்டார் ஓடாது.

சரி, ஃப்ளோட் போட்டு எண்ணாக மாற்றச் சொன்னேன். மாற்ற முடியாதபோது எடுத்துக்கொள்ளும் டிஃபால்ட்டாக ஏஜென்ட் 0 வைத்தது. அன்று இரவு சென்சாரின் வைஃபை போனது, மதிப்பு "அன்அவெய்லபிள்" ஆனது, அது 0 ஆக மாறியது, அப்புறம் என்ன, தொட்டி காலி என்று முடிவாகி மோட்டார் ஓடியது. அதனால் இப்போது என் விளக்கத்தில் கருவி என்ன செய்யும் என்பதற்கு அடுத்த வரியே இதுதான்:

"ஸ்டேட்ஸ் தரும் எல்லா மதிப்பும் எழுத்தாகவே வரும். எண்ணாக ஒப்பிடும் முன் ஃப்ளோட்டால் மாற்று. அதற்கும் முன் ஹேஸ் வேல்யூ வைத்து மதிப்பு இருக்கிறதா என்று பார். மதிப்பு இல்லையென்றால் 0 என்று எடுத்துக்கொள்ளாதே, இல்லை என்றே சொல்."

இதே அளவு முக்கியமான இன்னொன்று, என்டிட்டி பெயரைத் தப்பாக எழுதினால் ஸ்டேட்ஸ் பிழை காட்டாது, அமைதியாக "அன்நோன்" என்று தரும். ஏஜென்ட் அதை நம்பி "சென்சார் இன்னும் எதையும் அனுப்பவில்லை" என்று உங்களிடம் வந்து சொல்லும். "அன்நோன் வந்தால் பெயர் சரியா என்று முதலில் பார்" என்று எழுதிவிடுங்கள்.

லூப் பற்றியும் ஒரு வரி வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் ஃபார் லூப்புக்குள், 0 வைத்துத் தொடங்கிய ஒரு மாறியை செட் போட்டுக் கூட்டினால் லூப்பை விட்டு வெளியே வந்ததும் அந்தக் கூட்டல் போய்விடும், கடைசியில் 0 தான் மிஞ்சும். பைத்தான் பழக்கத்தில் எழுதும் ஏஜென்ட்டுகள் இதில் தவறாமல் மாட்டும். லூப்புக்கு வெளியேயும் மதிப்பைக் காக்கும் நேம்ஸ்பேஸ் பயன்படுத்து, முடிந்தால் வடிகட்டும் செலக்ட்அட்டர், எண்ணும் கவுன்ட் இரண்டை வைத்தே முடி என்று சொல்லி, ஓடிப் பார்த்த உதாரணம் ஒன்றையும் கூடவே வையுங்கள்.

இந்தக் கருவி படிக்க மட்டும்தான், எந்த சுவிட்சையும் போடாது, போடுவதற்கு இன்ன கருவி இருக்கிறது என்று அதன் பெயரோடு எழுதுங்கள். டெம்ப்ளேட் தப்பாக இருந்தால் ஹோம் அசிஸ்டன்ட் தரும் பிழைச் செய்தியை உங்கள் கோடு "ஏதோ தவறு" என்று சுருக்கக் கூடாது, அப்படியே ஏஜென்ட்டுக்குப் போக வேண்டும், ஏனென்றால் அதைப் படித்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்கிறது.

கருவியை நிறுவுகிறவருக்கும் ஒரு பகுதி தனியாக எழுதுங்கள், இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். அசிஸ்ட்டுக்கு (ஹோம் அசிஸ்டன்ட்டின் குரல் உதவியாளர்) எக்ஸ்போஸ் செய்த, அதாவது பார்க்க அனுமதித்த என்டிட்டிகள் மட்டும்தான் ஏஜென்ட்டுக்குத் தெரியும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் டெம்ப்ளேட்டுக்கு அந்த வேலி கிடையாது. வீட்டு ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற அட்சரேகை, தீர்க்கரேகை வரை அதனால் எடுக்க முடியும். விளக்கத்தில் "அதைப் பார்க்காதே" என்று ஏஜென்ட்டிடம் சொல்வது பூட்டாகாது, வேண்டாதவர் கையில் இந்தக் கருவியைக் கொடுக்காமல் இருப்பதுதான் பூட்டு.

எழுதி முடித்ததும் சென்சாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். "தெரியவில்லை, சென்சார் தொடர்பில் இல்லை" என்று பதில் வரும்வரை விளக்கத்தைத் திருத்திக்கொண்டே இருங்கள். எனக்கு நான்காவது தடவைதான் வந்தது.