ஒன்பது வயதில் கரண்ட் பில் பாக்கி

கலிபோர்னியாவில் எங்கள் பராமரிப்பில் இருந்த பையனுக்கு 17 வயது. சொந்தப் பெற்றோரிடம் இல்லாமல் அரசுப் பொறுப்பில் வளரும் ஃபாஸ்டர் பிள்ளைகளுக்கு 14 வயதிலிருந்து ஆண்டுதோறும் கிரெடிட் ரிப்போர்ட், அதாவது அவர்கள் பெயரில் உள்ள கடன், பாக்கி விவர அறிக்கை, எடுத்துத் தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நான்தான் கேட்காமல் விட்டிருந்தேன். வாங்கிப் பார்த்தால், அவனுடைய 9 வயதில் அவன் பெயரில் யாரோ எடுத்த மின் இணைப்பு, கட்டாத பாக்கி! அங்கே அடையாள எண்ணாகப் பயன்படும் அவன் சோஷியல் செக்யூரிட்டி எண் எத்தனை கை மாறியதோ. யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை.

அடையாளத் திருட்டுப் புகார்களை வாங்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசியின் தளத்தில் புகார் பதிந்தோம். அந்த அறிக்கை, பிறப்புச் சான்றிதழ் நகல், சமூகப் பணியாளரின் கடிதம் எல்லாவற்றையும் கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் தனித்தனியாக அனுப்பினோம். ஒன்றுக்கு அனுப்பினால் போதும் என்று முதலில் நினைத்தது என் தப்பு. பாக்கி நீங்கியது. அப்புறம், அவன் பெயரில் வேறு யாரும் புதுக் கடன் வாங்க முடியாதபடி, அவனே கிரெடிட்டை இலவசமாக முடக்கினான். பாஸ்வேர்டை என்னிடம்கூடச் சொல்லவில்லை. சரிதான்.