வறட்சியில் வேர் என்ன செய்கிறது? மக்காச்சோளத்தை வைத்துப் பார்க்க ஒரு வேர்ப்பெட்டி

தண்ணீர் குறைந்தால் வேர் ஆழமாக இறங்கும் என்பார்கள். மேல்மண் காய்ந்து அடியில் ஈரம் இருந்தால்தான் இறங்கும். அதைக் கண்ணால் பார்க்க இரண்டு பெட்டிகள் போதும்.

1. பெட்டி: 25×60 செ.மீ. அக்ரிலிக் தகடு இரண்டு, 3 மி.மீ. தடிமன். மூன்று ஓரங்களிலும் 1 செ.மீ. மரச்சட்டம் வைத்துப் பெரிய பைண்டர் கிளிப்பால் இறுக்குங்கள். அடிச்சட்டத்தில் நான்கு துளைகள் வேண்டும். கண்ணாடியில் கீறல் விழாது, ஆனாலும் கழற்றி மாட்டும்போது உடையும், அக்ரிலிக்கே மேல்.

2. மண்: சலித்த ஆற்று மணலும் செம்மண்ணும் சரிபாதி. களிமண் கூடாது. அது காயும்போது சுருங்கித் தகட்டை விட்டு விலகும். அந்த இடைவெளியில் மாட்டிய வேர் பக்கவேர் விடாது. ஈரத்தைத் தொடாத இடத்தில் வேர் கிளைப்பதில்லை. அதை வறட்சியின் விளைவென்று தப்பாக எழுதிவிடுவீர்கள்.

3. எடை: உலர்ந்த மண் நிரப்பிய பெட்டியை நிறுத்துக்கொள்ளுங்கள். அடியில் சொட்டும்வரை ஊற்றி, ஓர் இரவு வடியவிட்டு மறுபடி நிறுங்கள். வித்தியாசம்தான் மண் பிடிக்கும் நீர். அது 350 கிராம் என்றால் 80 சதவீதம் 280 கிராம்.

4. முளைகட்டிய விதையை 3 செ.மீ. ஆழத்தில் நட்டு, தகடுகளைக் கறுப்புத் துணியால் மூடி, இரண்டு பெட்டிகளையும் ஒரே சாய்வில், செங்குத்திலிருந்து 30 பாகை சரித்து வையுங்கள். வேர் கீழ்த்தகட்டை ஒட்டி வரும்.

5. காயவிடுதல். பெரும்பாலும் கெடுவது இங்கேதான். இரண்டாம் இலை வந்ததும் ஒரு பெட்டியைத் தினமும் எடைபோட்டு, மண் பிடிக்கும் நீரில் 80 சதவீதத்துக்கு நிரப்புங்கள். மற்றதற்குச் சொட்டுகூட வேண்டாம். வாடுகிறதே என்று தினம் 20 மி.லி. தெளித்தால் மேல் சில செ.மீ. மட்டும் நனையும், அடி காயும், வேர் மேலேயே சுற்றும். தலைகீழ் முடிவு!

6. கீழ்த்தகட்டில் ஓ.எச்.பி. தாள் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, நாளுக்கொரு நிற மார்க்கரால் வேரை வரையுங்கள். வெயில் காலத்தில் மக்காச்சோள முதன்மை வேர் வேகமாக ஓடும். ஒரு பெட்டியில் வேர் அடியைத் தொட்டாலும் சோதனை முடிந்தது. அதன் பிறகு நீங்கள் அளப்பது பெட்டியின் நீளத்தை.

வறண்ட பெட்டியில் தண்டு, இலை வளர்ச்சி முதலில் தளரும். வேர்நுனி தொடர்ந்து நீளும். காயும் வேரில் சேரும் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் அந்த நீட்சியைக் காக்கிறது. இறங்கும் கோணம் மரபணுவையும் பொறுத்தது: நெல்லில் வேரைச் செங்குத்தாகத் திருப்பும் டி.ஆர்.ஓ.1 மரபணுவை, கினந்தாங் பதோங் என்ற பிலிப்பைன்ஸ் மானாவாரி ரகத்திலிருந்து ஐ.ஆர்.64 என்ற நெல் ரகத்துக்குக் கொண்டுவந்த ஆய்வு 2013-இல் வெளியானது.

7. கடைசியில் மண்ணைக் கழுவி, வேரையும் தண்டையும் தனித்தனியே எடை மாறாத வரை உலர்த்தி நிறுங்கள். வறண்ட செடியின் வேரின் மொத்த எடை குறைவாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது வேர்–தண்டு விகிதம்.

பின்சேர்க்கை: தகட்டின் உள்பக்கம் பச்சை படிந்தால் துணி வழியே வெளிச்சம் புகுகிறது, இரண்டாக மடித்துப் போடுங்கள்.