பெயர் தெரியாத இலைச்செடியை அடையாளம் கண்டது எப்படி

நண்பர் கொடுத்த அலங்காரச் செடிக்குப் பெயர் தெரியவில்லை, இலை நுனிகளோ பழுப்பாகிக் காய்ந்துகொண்டே வந்தன. பெயர் தெரிந்தால்தானே வெளிச்சமும் தண்ணீரும் எவ்வளவு என்று முடிவு செய்யலாம்? போனில் படம் எடுத்துச் செயலியில் போட்டால் ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு பெயர் சொன்னது, அதில் குரோட்டன்கூட வந்தது. குரோட்டனுக்கு மரம்போல் கெட்டியான தண்டு இருக்கும், இதில் இலைகள் மண்ணிலிருந்தே கொத்தாகக் கிளம்பின.

சரி, செடியையே உற்றுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். நீண்டு ஒடுங்கிய இலை, ஓரம் அலை அலையாக, மேலே வெளிர்பச்சையில் பெரிதும் சிறிதுமாகக் கரும்பச்சைத் திட்டுகள், அடிப்புறம் கருஞ்சிவப்பு. ஆனால் எனக்கு உறுதியைத் தந்தது வேறு: இலை காம்போடு சேரும் இடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு, இரவானால் இலைகள் மேல்நோக்கி எழுந்து நின்றன. இரண்டும் சேர்ந்தால் மராண்டா என்ற தாவரக் குடும்பம்தான். அந்தக் குடும்பத்துக்குள் தேடியதும் கிடைத்தது, கலாத்தியா லான்சிஃபோலியா, பிரேசில் காட்டுச்செடி. 2012-க்குப் பிறகு இதை கோப்பெர்டியா இன்சிக்னிஸ் என்கிறார்கள், அதனால் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

நேர் வெயிலிலிருந்து நகர்த்தினேன், மண் முழுக்கக் காயவிடாமல், நீர் தேங்கவும் விடாமல் பார்த்துக்கொண்டேன், குழாய்நீருக்குப் பதில் மழைநீர். காய்ந்த நுனி திரும்பப் பச்சையாகாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். அப்புறம் சுருண்டு வந்த புது இலைகள் நுனிவரை பச்சையாகவே விரிந்தன.